கடலை மிட்டாய்க்கு ஒரு மக்கும் உறை: மரவள்ளி மாவிலிருந்து உணவு உறைப் படலம் உருவாக்கும் முறை

மக்கும் பிளாஸ்டிக் செய்ய வேண்டும் என்று வருகிற மாணவர்களும் சிறுதொழில் முனைவோரும் எந்தப் பாலிமரை (நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆன பிளாஸ்டிக் மூலப்பொருளை) வாங்குவது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். உறைக்குள் வைக்கப் போகும் பண்டம் எது, அது எத்தனை நாள் கெடாமல் இருக்க வேண்டும், உறை கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை எழுதி வையுங்கள், பிறகு பாலிமரைப் பேசலாம் என்று நான் சொல்வேன். முறுக்குக்கு ஈரம் ஏறினால் நமுத்துப்போகும். காற்று ஏறினால் எண்ணெயில் சிக்கு வாடை வரும். பறித்த கீரையோ உறைக்குள்ளும் மூச்சு விட்டுக்கொண்டிருப்பதால், காற்றுப் புகாமல் அடைத்தால் வியர்த்து அழுகிவிடும். சுடச்சுட ஊற்றப்படும் சாம்பாருக்கு வெப்பத்தைத் தாங்கும் உறை வேண்டும். மூன்றுக்கும் பொருந்தும் ஒரே மக்கும் பொருள் இல்லை.

இந்த வழிகாட்டியில் கடலை மிட்டாயை எடுத்துக்கொள்கிறேன். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலை மிட்டாய் உட்பட, இந்தப் பண்டம் சிறு பொட்டலங்களில் ஏராளமாக விற்கிறது. அந்தப் பொட்டலம் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்கிறது. வெல்லம் ஈரத்தை இழுக்கும், நிலக்கடலை எண்ணெய் கசியும் என்பதால் உறையின் இரண்டு குணங்களையும் இது ஒருசேரச் சோதித்துவிடும். மூலப்பொருளாக மரவள்ளி மாவு. சேலம், நாமக்கல், தருமபுரிப் பகுதிகளில் குச்சிக்கிழங்கு என்று அழைக்கப்படும் இந்தக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி ஆலைகள் மாவைப் பிரித்தெடுக்கின்றன. பிழிந்தபின் மிஞ்சும் நார்ச் சக்கையான திப்பியும் நமக்குப் பயன்படும்.

தொடங்குமுன் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாலித்தீனில் உலோக உப்புகளைக் கலந்து, வெயில் பட்டால் பொடிப்பொடியாக உதிரும்படி செய்த ஆக்ஸோ வகைப் பைகளும் மக்கும் பைகள் என்றே விற்கப்பட்டன. அவை உதிர்ந்து நுண்பிளாஸ்டிக்காக மாறுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2021 சூலையிலிருந்து அவற்றைத் தடை செய்துவிட்டது. நாம் உருவாக்கும் பொருளை நுண்ணுயிர்கள் உணவாகக் கொண்டு கரியமில வாயுவாகவும் நீராகவும் உயிர்த்திரளாகவும் மாற்ற வேண்டும். இதை அளந்து காட்ட முடியாத பொருளுக்கு மக்கும் என்ற சொல்லைப் பயன்படுத்துவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும்.

மாவும் கிளிசரினும்

கஞ்சி போட்டுக் காயவைத்த பருத்திப் புடவை விறைத்து நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் அடிப்படை ஏற்கெனவே தெரியும். மாவுச்சத்தின் மணிகள் சூடான நீரில் உடைந்து, அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் நீண்ட சங்கிலிகள் வெளியே வந்து, நீர் வற்றும்போது ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு படலமாகின்றன. அந்தப் படலம் தனியாக இருந்தால் அப்பளம் போல நொறுங்கும். சங்கிலிகளுக்கு இடையே புகுந்து அவற்றை நழுவவிடும் சிறு மூலக்கூறு ஒன்று வேண்டும். அந்த நெகிழ்வூட்டியாகப் பெரும்பாலும் கிளிசரினைப் பயன்படுத்துகிறோம்.

மாவை வாங்கும்போது வெளுப்பூட்டி சேர்க்காத உணவுத்தர மாவாகக் கேட்டு வாங்குங்கள். அதை நீரில் கரைத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவைப் பாருங்கள். 5-க்குக் கீழே இருந்தால் அமிலம் தங்கியிருக்கிறது, காய்ச்சும்போது சங்கிலிகள் அறுந்து படலம் வலுவிழக்கும். கிளிசரினிலும் உணவுத்தரம் அல்லது மருந்துத்தரம்தான் வேண்டும். தொழிற்சாலைத் தரக் கிளிசரினில் டைஎத்திலீன் கிளைக்கால் கலந்திருந்தால் அது நச்சு. விலை குறைவு என்பதற்காக உணவு உறையில் அந்த ஆபத்தை ஏற்கக் கூடாது.

இன்னொன்று, மாவில் இயல்பாகவே 12 விழுக்காடு அளவில் ஈரம் இருக்கும். சிறிதளவு மாவை 105 டிகிரி செல்சியஸ் சூட்டுப்பெட்டியில் எடை மேலும் குறையாமல் நிலைக்கும் வரை உலர்த்தி, உண்மையான ஈரத்தைக் கண்டுபிடித்த பிறகே கணக்கிடுங்கள். ஈரம் 12 விழுக்காடு என்றால், 5 கிராம் உலர் மாவு பெற 5.68 கிராம் எடுக்க வேண்டும். இந்தத் திருத்தத்தைச் செய்யாதவர்களின் குறிப்பேட்டில் கோடையில் வந்த விடை மழைக்காலத்தில் வருவதில்லை.

காய்ச்சி ஊற்றுதல்

முதல் படலத்துக்கு 100 மில்லிலிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் உலர் மாவையும், மாவின் எடையில் 30 விழுக்காடான 1.5 கிராம் கிளிசரினையும் குளிர்ந்த நிலையிலேயே கலந்து கட்டியில்லாமல் கரையுங்கள். கொள்கலனோடு சேர்த்து எடை பார்த்துக் குறித்துக்கொண்டு, விடாமல் கலக்கியபடி சூடேற்றுங்கள். 60 டிகிரியைத் தாண்டும்வரை அது வெறும் பால்நிற நீராகவே இருக்கும். 60-க்கும் 70-க்கும் இடையில் கலக்கியின் வேகம் திடீரெனக் குறையும். வெண்மை ஓரத்திலிருந்து விலகி, ஒரு நிமிடத்துக்குள் முழுவதும் கண்ணாடி போலத் தெளியும். பல ஆண்டுகளாகப் பார்த்தும் எனக்கு அந்த நிமிடம் சலித்ததில்லை. ஆனால் அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. 85 டிகிரி வரை ஏற்றி 15 முதல் 20 நிமிடம் வைத்திருந்தால்தான் உடையாத மணிகள் எஞ்சாமல் இருக்கும். எஞ்சினால் காய்ந்த படலத்தில் குருணை குருணையாகத் தெரியும், இழுக்கும்போது அங்கேதான் கிழியும். ஆவியாகிப்போன நீரை எடை பார்த்து வெந்நீரால் ஈடுகட்டுங்கள்.

கலக்கும்போது புகுந்த காற்றுக் குமிழ்களை வெற்றிடப் பம்பு இருந்தால் அதனால் இழுத்துவிடலாம்; இல்லையென்றால் மூடிய கொள்கலனை 60 டிகிரி நீரில் அரைமணி நேரம் அசையாமல் வைக்கலாம். ஊற்றும் தட்டு அக்ரிலிக்காக இருப்பது நல்லது. கண்ணாடியில் ஊற்றினால் உரிக்கும்போது படலம் ஒட்டிக்கொண்டு கிழிகிறது. கொத்தனார்கள் பயன்படுத்தும் ரசமட்டத்தைத் தட்டின்மேல் இரு திசையிலும் வைத்துப் பார்த்துச் சமன் செய்யுங்கள். தட்டு இம்மியளவு சாய்ந்தாலும் படலத்தின் ஒரு முனை தடித்தும் மறுமுனை தாள் போல மெலிந்தும் போகும்.

தடிமனை ஊற்றும் அளவிலேயே தீர்மானிக்கலாம். 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டின் பரப்பு 400 சதுர சென்டிமீட்டர். அதில் 50 மில்லிலிட்டர் ஊற்றினால் ஏறத்தாழ 3.25 கிராம் திடப்பொருள் சேரும். படலத்தின் அடர்த்தியை 1.4 என்று கொண்டால் 60 மைக்ரான் அளவில் தடிமன் கிடைக்கும். 40 முதல் 45 டிகிரியில், காற்று மெல்ல ஓடும் சூட்டுப்பெட்டியில் ஓர் இரவு முழுவதும் காயவிடுங்கள். வெயிலில் வற்றல் காயவைப்பது போல விரைவாகக் காயவைத்தால் மேல்தோல் முதலில் இறுகி, ஓரங்கள் சுருண்டு, நடுவில் வெடிப்பு விழும்.

உரித்த படலத்தை உடனே சோதிக்கக் கூடாது. மக்னீசியம் நைட்ரேட்டின் தெவிட்டிய (இனி உப்பு கரையாத அளவு செறிந்த) கரைசலை அடியில் வைத்த மூடிய பெட்டி 25 டிகிரியில் ஏறத்தாழ 53 விழுக்காடு ஒப்பு ஈரப்பதத்தைத் தரும். அதனுள் குறைந்தது 48 மணி நேரம் வைத்த பிறகே தடிமனையும் இழுவலிமையையும் அளக்க வேண்டும். மாவுப் படலத்துக்கு நீரே ஒரு நெகிழ்வூட்டி. ஈரப்பதத்தைச் சொல்லாமல் எழுதிய வலிமை எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. கிளிசரின் அளவை 20, 25, 30, 35, 40 விழுக்காடு என்று மாற்றி ஐந்து படலங்கள் செய்து பாருங்கள். ஒரு முனையில் நொறுங்குவதும் மறுமுனையில் கையில் பிசுபிசுப்பதும் தெரியும். உங்கள் மாவுக்கு ஏற்ற இடம் நடுவில் எங்கேயோ இருக்கும்.

ஈரத்தைத் தாங்குமா

எங்கள் முதல் படலம் கோடையில் மிக அழகாக வந்தது. கடலை மிட்டாயைச் சுற்றி அடுக்கி வைத்தோம். எண்ணெய் ஒரு துளிகூட வெளியே கசியவில்லை. மாவுப் படலம் எண்ணெயையும், காற்று உலர்ந்திருக்கும்வரை ஆக்ஸிஜனையும், பாலித்தீனைவிட நன்றாகவே தடுக்கும். ஐப்பசி மழை தொடங்கிய இரண்டாம் வாரத்தில் அதே படலத்தில் சுற்றிய புதிய பொட்டலத்தைப் பிரித்தபோது உறை பிரியவில்லை. மிட்டாயின் ஓரத்தோடு அது கூழாக ஒட்டியிருந்தது, வெல்லம் நீர்விட்டிருந்தது, ஒரு மூலையில் சாம்பல் நிறப் பூஞ்சை மயிரிழையாக எழும்பியிருந்தது. கோடையில் செய்த சோதனையை நம்பிப் பேசியதற்காக நான் வெட்கப்பட்டேன். அன்றிலிருந்து நீராவிச் சோதனையைத்தான் முதலில் செய்கிறேன்.

அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அகன்ற வாய் கொண்ட சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் உலர்த்திய கால்சியம் குளோரைடை நிரப்பி, வாயில் படலத்தை இழுத்துப் பொருத்தி, ஓரத்தை உருக்கிய மெழுகால் அடையுங்கள். தெவிட்டிய உப்புநீர் வைத்த பெட்டிக்குள் 75 விழுக்காடு ஈரப்பதம் நிலைத்திருக்கும். கிண்ணத்தை அதனுள் வைத்து ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் எடை பாருங்கள். எடுத்துக்காட்டாக, 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வாயின் வழியே ஒரு நாளில் 1.2 கிராம் ஏறினால், ஒரு சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு 600 கிராமுக்கு மேல் என்று கணக்கு வரும். 25 மைக்ரான் பாலித்தீன், சூடும் ஈரமும் இன்னும் கூடுதலான சோதனையில்கூட, 20 கிராம் அளவில்தான் விடும். நாம் கடக்க வேண்டிய தொலைவு இது. இதை மறைக்காமல் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்துக்கொண்டால் வழி தேடுவது எளிதாகும்.

வழிகள் சில உண்டு. தேன்மெழுகையோ பனை வகையிலிருந்து கிடைக்கும் கார்னாபா மெழுகையோ மெல்லிய பூச்சாகக் கொடுத்தால் நீராவி கணிசமாகக் குறையும், ஆனால் மடிக்கும் இடத்தில் பூச்சு வெடிக்கும். சிட்ரிக் அமிலத்தைச் சிறிதளவு சேர்த்துச் சூடேற்றிச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைத்தால் படலம் நீரில் கரைவது குறையும். இறால் ஓட்டிலிருந்து கிடைக்கும் கைட்டோசானை 1 விழுக்காடு அசெட்டிக் அமிலத்தில் கரைத்துப் பூசினால் பூஞ்சை தள்ளிப்போகும். ஓட்டுமீன் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பதால் கைட்டோசான் சேர்த்திருப்பதை உறையில் அச்சிட வேண்டியிருக்கும். திப்பியைக் கழுவி, உலர்த்தி, மாவாக அரைத்து மாவுச்சத்தின் எடையில் 5 விழுக்காடு சேர்த்தபோது படலத்தின் விறைப்பு கூடியது, தெளிவு போனது. மிட்டாய் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று விற்பவர்கள் விரும்புவதால் அதைத் தட்டு, கிண்ணம் போன்ற அழுத்தி வார்க்கும் பொருள்களுக்கு ஒதுக்கிவிட்டேன்.

நாளாக ஆக மாவுச் சங்கிலிகள் மீண்டும் ஒழுங்காக அணிவகுத்துப் படலம் விறைக்கும். ஆறிப்போன சோறு மறுநாள் கெட்டியாவதும் இதனால்தான். ஆகவே முதல் நாள், 15-ஆம் நாள், 30-ஆம் நாள், 60-ஆம் நாள் என்று ஒரே படலத்தை அளந்துகொண்டே வர வேண்டும். கிளிசரினில் ஒரு பங்கை சார்பிட்டால் என்னும் வேறொரு நெகிழ்வூட்டியாக மாற்றினால் ஈரத்தை இழுப்பது குறைவதைப் பார்க்கலாம்.

எக்ஸ்ட்ரூடருக்குப் போகும்போது

தட்டில் ஊற்றிக் காயவைக்கும் முறை ஆய்வகத்துக்கு மட்டுமே உரியது. நீரை ஆவியாக்கும் செலவில் யாரும் தொழில் நடத்த முடியாது. தொழிற்சாலையில் 100 பங்கு மாவு, 30 பங்கு கிளிசரின், 15 பங்கு நீர் ஆகியவற்றைக் கலந்து, ஓர் இரவு மூடி ஊறவைத்து, இரட்டைத் திருகு எக்ஸ்ட்ரூடர் என்னும் உருக்கித் தள்ளும் இயந்திரத்தில் 90 டிகிரியில் தொடங்கி 140 டிகிரி வரை ஏற்றி உருக்குவார்கள். வெளிவரும் இழையை வழக்கமான பிளாஸ்டிக் போல நீர்த்தொட்டியில் குளிரவிடக் கூடாது, அது நீரைக் குடித்துக் கொழகொழத்துவிடும்; காற்றூதும் பட்டையில் ஓடவிட்டுக் குளிரச் செய்து மணிகளாக வெட்ட வேண்டும்.

இந்த மாவுப் பிளாஸ்டிக் தனியாக ஈரத்தைத் தாங்காது என்று பார்த்தோம். எனவே, தானும் மக்கக்கூடிய, நீரை விரும்பாத ஒரு பாலியெஸ்டரோடு அதைக் கலக்கிறார்கள். பிஎல்ஏ (பாலிலாக்டிக் அமிலம்) தெளிவானது, தாவரச் சர்க்கரையிலிருந்து வருவது. ஆனால் விறைப்பானது, 55 முதல் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்குவது. சாதாரணப் பிஎல்ஏ கிண்ணத்தில் சூடான சாம்பார் ஊற்றினால் கிண்ணம் கோணிப்போவது இதனால்தான். பிபிஏடி (பாலிபியூட்டிலீன் அடிபேட் டெரெப்தலேட்) என்னும் இன்னொரு பாலியெஸ்டர் மென்மையானது, பாலித்தீன் போல நீளக்கூடியது, மக்கக்கூடியது. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து செய்யப்படுவது. தாவரத்திலிருந்து வருவதும் மக்குவதும் வெவ்வேறு குணங்கள் என்பதை வாங்குபவருக்கு விளக்கும் பொறுப்பு நமக்கு இருக்கிறது.

கடலை மிட்டாய் உறைக்கு 35 பங்கு மாவுப் பிளாஸ்டிக்கும் 65 பங்கு பிபிஏடியும் நல்ல தொடக்கம். நீரை விரும்புவதும் வெறுப்பதுமான இரண்டும் தாமாக ஒட்டாதவை; மலேயிக் அன்ஹைட்ரைடு ஒட்டவைத்த பிபிஏடியை ஓரிரு விழுக்காடு சேர்த்தால் மாவு சிறு துளிகளாகப் பிரிந்து பிபிஏடிக்குள் பொதிந்துகொள்ளும். துளிகள் பெரிதாக இருந்தால் படலத்தைத் தடவும்போதே சொரசொரப்பாகத் தெரியும். வெப்பத்தை 155 டிகிரிக்குள் வைத்திருங்கள். கருகிய கஞ்சி வாடை வந்தால் மாவு சிதைகிறது என்று பொருள், அந்தத் தொகுதியை ஒதுக்கிவிட வேண்டும். மணிகளை உருக்கிக் காற்றால் குமிழியாக ஊதிப் படலமாக்குமுன் அவற்றைக் கட்டாயம் உலர்த்துங்கள். ஈரம் தங்கினால் ஊதும் குமிழியில் ஊசித்துளைகள் விழுந்து, சில நேரம் குமிழியே அறுந்து சாயும். வெறும் மாவுப் படலத்தைச் சூட்டால் ஒட்டுவது கடினம். பிபிஏடி கலந்த படலம் வழக்கமான சீல் இயந்திரத்திலேயே, சற்றுக் குறைந்த சூட்டில் ஒட்டிக்கொள்ளும். உறையிடுபவர் புதிய இயந்திரம் வாங்க வேண்டியதில்லை என்பது இந்தக் கலவைக்கு உள்ள பெரிய பலம்.

உணவைத் தொடும் முகம்

உறையிலிருந்து உணவுக்குள் எவ்வளவு பொருள் இறங்குகிறது என்பதை ஐஎஸ் 9845 என்னும் இந்தியத் தரநிலைப்படி அளக்கிறார்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு உறையிடல் விதிகளின்படி பிளாஸ்டிக் உறைகளுக்கு உச்சவரம்பு, ஒரு கிலோ உணவுக்கு 60 மில்லிகிராம், அல்லது ஒரு சதுர டெசிமீட்டர் பரப்புக்கு 10 மில்லிகிராம். நீர், 3 விழுக்காடு அசெட்டிக் அமிலம், ஹெப்டேன் போன்ற திரவங்கள் உணவுக்குப் பதிலாக நின்று சோதிக்கின்றன. கிளிசரினும் மாவும் நீரில் எளிதாக இறங்குபவை என்பதால், தனி மாவுப் படலம் நீர்ச்சோதனையில் தோற்பது ஏறக்குறைய உறுதி. ஈரமான உணவுக்கு அதைப் பரிந்துரைக்கவே கூடாது. உலர்ந்த, எண்ணெய்ப் பசையுள்ள பண்டங்களுக்கும்கூட, உணவைத் தொடும் உள்முகம் தனிப் பிபிஏடியாக இருக்கும்படி இரண்டு அல்லது மூன்று அடுக்காக ஊதுவது நல்லது. நிறமியும் மையும் வெளிமுகத்தில் மட்டுமே இருக்க வேண்டும்.

மக்கியதா, கண்ணுக்கு மறைந்ததா

முதற்கட்டமாக, சிறு சதுரங்களாக வெட்டிய படலத்தை நைலான் வலைப்பையில் தைத்து, சூடேறிய எருக்குவியலுக்குள் புதைத்து, வாரம் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். மாவு வேகமாகப் போவதும் பிபிஏடி பின்தங்குவதும் தெரியும். ஆனால் படலம் கண்ணுக்குத் தெரியாமல் போனதை வைத்து மக்கிவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. அதற்குக் கரியமில வாயுவை அளக்க வேண்டும்.

ஒரு சாடியில் சலித்த முதிர்ந்த எருவோடு படலத் துண்டுகள், இரண்டாவதில் எரு மட்டும், மூன்றாவதில், ஒப்பிடுவதற்காக, எருவோடு எளிதில் மக்கும் வடிதாள் துண்டுகள். மூன்றையும் ஈரம் குறையாமல் 58 டிகிரியில் வைத்து, ஒவ்வொன்றினுள்ளும் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் கொண்ட சிறு குவளையை நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குவளையை மாற்றி, பேரியம் குளோரைடு சேர்த்து, மிஞ்சிய காரத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் தரம்பார்த்தால் (அதை நடுநிலையாக்க எவ்வளவு அமிலம் வேண்டும் என்று அளந்தால்), எவ்வளவு வாயு பிடிபட்டது என்று தெரியும்; எரு மட்டும் உள்ள சாடியின் அளவைக் கழித்துவிடுங்கள். 1 கிராம் உலர் மாவு முழுவதும் மக்கினால் 1.63 கிராம் கரியமில வாயு வர வேண்டும். பிபிஏடிக்கும் கிளிசரினுக்கும் அவற்றின் கரிம அளவைக் கொண்டு இப்படியே கணக்கிடலாம். நாளாக ஆகச் சேர்ந்த வாயுவை வரைபடமாக வரைந்தால், அந்த வளைகோடு ஏமாற்றுப் பொருள்களைக் காட்டிக்கொடுத்துவிடும். மாவோடு பாலித்தீன் கலந்த பையில் வாயு, மாவின் பங்கு தீர்ந்த அளவில் நின்று, பிறகு எத்தனை மாதம் காத்திருந்தாலும் ஏறாது.

முறையான சோதனையில், ஐஎஸ் 17088 தரநிலைப்படி, 180 நாளுக்குள் 90 விழுக்காடு கரிமம் வாயுவாக மாற வேண்டும். 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் 10 விழுக்காட்டுக்கு மேல் தங்கக் கூடாது. கிடைக்கும் எருவில் விதை முளைக்க வேண்டும். கன உலோகங்கள் வரம்புக்குள் இருக்க வேண்டும். இவையெல்லாம் தொழிற்சாலை எருவாக்கத்தின் 58 டிகிரிச் சூட்டில் நடப்பவை. அந்தச் சூடு இல்லாத கொல்லைக் குழியிலும் ஆற்று நீரிலும் அதே வேகத்தை எதிர்பார்க்க முடியாது. ஆகவே உறையில் எங்கே போட வேண்டும் என்று தெளிவாக அச்சிடுங்கள். எருவாக்க நிலையம் இல்லாத ஊருக்கு விற்பதற்கு முன் அங்கே சேகரிக்க யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 சூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை நடப்பில் இருக்கிறது. எருவாகும் பிளாஸ்டிக் என்று சந்தைக்கு அனுப்புவதற்கு முன் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றைப் பெற வேண்டும். சென்னை கிண்டியில் உள்ள, மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட் போன்ற நிறுவனங்களில் மாதிரிகளைச் சோதித்துப் பெறலாம். ஆறு மாதச் சோதனை நடந்துகொண்டிருக்கும்போதே விலை, சுருள் அகலம், அச்சு ஆகியவற்றை உறையிடுபவரோடு பேசி முடித்துவிடலாம்.

மாதிரியை அனுப்புவதற்கு முன் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. மூன்றடுக்குப் படலத்தில் சுற்றிய கடலை மிட்டாயை, ஆய்வகப் பெட்டியில் வைக்காமல், ஒரு பெட்டிக்கடையின் திறந்த சாடியில் ஐப்பசியில் தொடங்கி நான்கு வாரம் விட்டுவையுங்கள். வாரத்துக்கு ஐந்து பொட்டலத்தைப் பிரித்து, உறை கிழியாமல் பிரிகிறதா, மிட்டாய் கடிக்கும்போது ஒடிகிறதா அல்லது இழுபடுகிறதா, கடலையில் சிக்கு வாடை வருகிறதா என்று எழுதுங்கள். அதே சாடியில் வழக்கமான பாலித்தீன் பொட்டலங்களையும் அடையாளமிட்டுப் போட்டு வைத்தால், எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறோம் என்று தெரியும். உறைமேல் அச்சிட வேண்டிய காலாவதி நாளை அந்த எண்ணைக் கொண்டே தீர்மானியுங்கள்.